வாரேனுக்குத் திறக்கும் கதவு

கிருபாசங்கருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுத் தூக்கிப் பார்ப்பார். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததா என்று ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு இறங்கிப் போய்ப் பார்ப்பார். மனைவி லோகப்பிரியா கோயிலுக்குப் போய் வந்தேன் என்றால் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அதற்காகக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. லிஃப்ட் செய்கிற தொழில் அப்படி. எட்டுப் பேரை ஒரு பெட்டிக்குள் ஏற்றி ஐந்து மாடி உயரத்தில் தொங்கவிடுகிறவர் கயிற்றை நம்பக் கூடாது, பிரேக்கையும் நம்பக் கூடாது. இரண்டும் கைவிட்டால் பிடித்துக்கொள்ள மூன்றாவதாக ஒன்று வேண்டும். அந்த மூன்றாவதையும் அவ்வப்போது சந்தேகப்பட வேண்டும். இந்தக் குணத்தை அவர் சாயங்காலம் பட்டறையிலேயே பூட்டிவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் ஊருக்கும் எடுத்துக்கொண்டு திரிந்ததுதான் வம்பு.

பட்டறை சூலூரில், திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவில் இருந்தது. பெயர் அத்தனூரம்மன் லிஃப்ட்ஸ். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது, ரகசியம் காக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று சொல்லித்தான் அந்த இடத்தைப் பிடித்தார். தறியோடு போட்டி போட்டுக் கத்திக் கத்தி, எங்கே போனாலும் அவருக்கு அதே குரல் வந்ததை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

அங்கே லிஃப்டை ஓட்டுகிற மின்சாரப் பேனல் வேலை முழுவதும் ரிஃபத்தின் கை. கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தவன். இப்போது கல்யாண வயது. உலகத்தில் கிருபாசங்கர் நம்பிய ஆள் ஒருவர் உண்டென்றால் அது ரிஃபத்துதான். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டறைச் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்து வைத்திருந்தார், அவ்வளவுதான். லோகப்பிரியாவிடம் வீட்டு பீரோ சாவிகூடக் கிடையாது என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரியும்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் 'நெடுவான் ஓடம்' என்று ஒரு தொடர்கதை ஆரம்பித்தது. எழுதியவர் பெயர் நொய்யலான் என்று போட்டிருந்தது. 'அமராவதி' என்கிற விண்கப்பல் ஆயிரம் பேரைச் சுமந்துகொண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறது. கப்பலுக்கு நாற்பது அடுக்கு. நடுவில் முதுகெலும்பு போல ஒரு லிஃப்ட். ரிஃபத் அதைச் சாப்பாட்டு வேளையில் படித்துக்கொண்டிருந்தபோது கிருபாசங்கர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். லிஃப்ட் என்ற சொல்லைக் கண்டதும் பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதையெல்லாம் ஆரு எழுதறாங்க? ஆகாசத்துல எடையே இல்லைங்கறான். அப்பறம் எதிர் எடையை எதுக்குத் தொங்க உடறான்? எடையில்லாத எடத்துல ரோப்பு தொங்குமா? பாம்பாட்டம் சுருண்டுக்கும்."

"கதைதானுங்ணா," என்றான் ரிஃபத்.

"கதைன்னா என்ன வேணும்னாலும் எழுதலாமா? நாப்பது மாடிக்கு ஒரே லிஃப்டு. காலைல ஷிஃப்டு மாறறப்போ ஆயிரம் சனத்துக்கு க்யூ எங்க நிக்கும், சூலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? அதை உடு. கப்பலுக்கு நடுவுல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே குழி. ஒரு மாடில ஓட்டை உழுந்து காத்து வெளிய போச்சுன்னா அந்தக் குழி வழியா நாப்பது மாடிக் காத்தும் போயிரும். ஆயிரம் பேரும் மூச்சு முட்டிச் சாவோணும். மாடிக்கு மாடி காத்துப் புகாத கதவு வெக்கோணும்ல? கப்பல் திடீர்னு திரும்புனா பெட்டி எந்தப் பக்கம் சாயும்? ஒண்ணையும் யோசிக்கல."

ரிஃபத் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸைக் கழுவப் போனான். கிருபாசங்கருக்கு மனசு ஆறவில்லை. அடுத்த சில நாட்கள் பார்ப்பவரிடமெல்லாம் இதையே பேசினார். வீட்டில் லோகப்பிரியா ரசத்தை ஊற்றிவிட்டு டிவி பக்கம் நகர்ந்துவிட்டாள்.

சில வாரம் கழித்து, அமராவதிக் கப்பலில் ஒரு பொறியாளர் எழுந்து நின்று பேசினார். எடையில்லாத இடத்தில் எதிர் எடை எதற்கு என்று கேட்டார். கயிறு பாம்பு போலச் சுருளும் என்றார். நடுக்குழி வழியாகக் காற்று முழுவதும் போய்விடும் என்று சொல்லி மாடிக்கு மாடி காற்றுப் புகாத கதவு போடச் சொன்னார். கப்பல்காரர்கள் கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் பல்வைத்த தண்டவாளம் போட்டார்கள். ஒரு பெட்டிக்குப் பதிலாகப் பல பெட்டிகள் ராட்டினம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன.

படித்ததும் முதலில் கிருபாசங்கருக்கு நெஞ்சு விரிந்தது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். இது என் வாயிலிருந்து வந்த பேச்சு, பாம்பு உட்பட. இதை அவனுக்கு யார் சொன்னது? கதையில் வந்தது போகட்டும், சொன்னவன் அதோடு நிறுத்துவானா? ஆஸ்பத்திரி லிஃப்ட் பற்றியும் சொல்லியிருந்தால்?

அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்தான் அப்போது அவருடைய உயிர். அவிநாசி ரோட்டில் டாக்டர் கீதா புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு, நோயாளியைப் படுக்கையோடு ஏற்றுகிற லிஃப்ட். அதில் ஒரு புதுமை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருகிற நர்ஸுக்கு இரண்டு கையும் ஒழியாது, அதனால் பட்டனை அமுக்காமல் வாயால் சொன்னால் கதவு திறக்கும், சாத்தும். யோசனை ரிஃபத்துடையது. சொன்ன வார்த்தையைக் கேட்டுப் புரிந்துகொள்கிற ஒரு சின்ன எலக்ட்ரானிக் சில்லை பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தான். இது வேலை செய்துவிட்டால் கோயமுத்தூரில் நம்மை விட்டால் ஆளில்லை என்று கிருபாசங்கர் கணக்குப் போட்டிருந்தார். வேறு கம்பெனிக்காரர் காதுக்குப் போய்விட்டால் எல்லாம் வீண்.

ஆகவே சந்தேகிக்கத் தொடங்கினார். பட்டறையைக் கூட்டி, உதிரிகளைத் துடைத்து வைக்கிற முத்தாத்தாளை இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது, ஆனால் நாக்கு இருக்கிறதே. லோகப்பிரியாவின் விரலில் மை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மஞ்சள்தான் இருந்தது. நொய்யலான் என்ற பெயரையே பலதரம் உச்சரித்துப் பார்த்தார். நொய்யல் ஆறு கோயமுத்தூரைத் தாண்டிச் சூலூர் வழியாகத்தான் போகிறது. ரிஃபத்தின் பஸ்ஸும் அதே வழியாகத்தான் வருகிறது. அந்த எண்ணம் வந்ததும் அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

அவர் சந்தேகத்துக்கும் மரியாதை தெரியும். ஆர்டர் கொடுத்தவர்கள் பக்கம் மட்டும் அது எட்டிப் பார்க்காது. கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த பழைய கிளினிக்கில் டாக்டர் கீதாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் உருகிவிடுவார். ஐம்பது வயது, வெள்ளைப் புடவை, மூக்குக்கண்ணாடி, கேள்வி மேல் கேள்வி. கரண்ட் போனால் என்ன ஆகும், பாதியில் நின்றால் என்ன ஆகும், உள்ளே ஒரு நோயாளி வெளியே ஒரு நோயாளி என்றால் லிஃப்ட் யார் பேச்சைக் கேட்கும். இப்படிக் கேட்கிற வாடிக்கையாளர் தொழிலில் கிடைப்பது அபூர்வம். கிருபாசங்கர் காபி ஆறுவது தெரியாமல், தறிக் குரலில், அடியும் நுனியுமாக விளக்குவார். வாசலில் காத்திருக்கும் கர்ப்பிணிகளுக்குக்கூட லிஃப்ட் சாஸ்திரம் கொஞ்சம் புரிந்திருக்கும்.

ஐப்பசியில் ரிஃபத் அந்தச் சில்லை வைத்துப் பேச்சுப் பெட்டியைத் தயார் செய்தான். பட்டறைக்குள் ஒரு மாதிரி லிஃப்டை நிறுத்தி அதன் கதவோடு இணைத்தான். 'வாரேன்' என்றால் கதவு திறக்க வேண்டும். 'போறேன்' என்றால் சாத்திக்கொண்டு கிளம்ப வேண்டும். தெளிவான இரண்டு வார்த்தை, ஒன்றோடொன்று குழம்பாது. பெட்டிக்கு முதலில் தன் குரலைப் பழக்கினான். அவன் வாரேன் என்றதும் கதவு திறந்தது, போறேன் என்றதும் சாத்தியது. கிருபாசங்கருக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. பெண் குரலுக்கும் பழக்க வேண்டுமே என்று முத்தாத்தாளைக் கூப்பிட்டார்கள்.

முத்தாத்தாள் வாரேன் என்று அழகாகச் சொன்னாள். அடுத்த வார்த்தைக்கு வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா, போறேன்னு," என்றான் ரிஃபத்.

"அந்த வார்த்தை என்ற வாயில வராதுங் கண்ணு. பொறப்படறப்போ ஆராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா? வாரேன்னுதான் சொல்லோணும்."

"சும்மா பெட்டிக்குத்தானம்மா."

"பெட்டிக்கு இன்னைக்குச் சொல்லுவேன், நாளைக்கு ஊட்டுல வாயில வந்துரும். ஏனுங் கண்ணு, ஆசுபத்திரீல ஒரு புள்ளத்தாச்சியப் படுக்க வெச்சுத் தள்ளீட்டு, போறேன் போறேன்னு நின்னா நல்லாவா இருக்கும்? கேக்கறவங்களுக்கு உசுரு நிக்குமா?"

சொல்லிவிட்டு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வந்து லிஃப்டில் ஏற்றி, கிளம்பும்போது எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. எல்லாரும் 'வாரேனுங்க' என்றார்கள். ஒவ்வொரு வாரேனுக்கும் கதவு மரியாதையாகத் திறந்துகொண்டு நின்றது. லிஃப்ட் கிளம்பவே இல்லை. பிறக்கும் முன்பே கேட்டுப் பழகிய வழக்கத்தை நாம் இரண்டு பேரும் மறந்துபோனோமே என்று ரிஃபத் விழுந்து விழுந்து சிரித்தான். கிருபாசங்கரும் அன்று சிரித்தார். வார்த்தையை மாற்ற வேண்டும், கொஞ்சம் தாமதமாகும் என்று மறுநாள் போய் டாக்டரிடம் தெரிவித்துவிட்டு வந்தார்.

கார்த்திகையில் அமராவதிக் கப்பலின் லிஃப்ட் பேச்சுக்குக் கட்டுப்பட ஆரம்பித்தது. ஆயிரம் பேரும் ஒருவரிடம் ஒருவர் விடைபெறும்போது 'வாரேன்' என்றார்கள். எல்லாப் பெட்டிகளும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறேன் என்றவர்களுக்காகக் காத்து நின்றன. கப்பலின் தலைவர் 'போறேன்' என்று சொல்லுங்கள் என உத்தரவு போட்டார். சமையல்கட்டில் இருந்த ஒரு பெண், அந்த வார்த்தை என் வாயில் வராது என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சூலூர் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் நின்றபடியே அதைப் படித்த கிருபாசங்கர் விரல்விட்டு எண்ணினார். அன்று பட்டறையில் நின்று முழுவதும் பார்த்தவர்கள் மூன்று பேர். தறிக்காரர்களுக்குப் பெட்டியைப் பற்றியே தெரியாது. முத்தாத்தாளுக்கு எழுதத் தெரியாது. நானில்லை. அப்புறம் யார்? சாவி கொடுத்து வைத்த கையே கழுத்தைப் பிடிக்கிறதா என்று நினைத்தபோது அவருக்குக் கோபத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

ஆனாலும் நியாயமான மனிதர், சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வர மாட்டார். கயிற்றைச் சோதிப்பதுபோல ஆளையும் சோதிக்க நினைத்தார். மறுநாள் காலையில் ரிஃபத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்ம லிஃப்டுல கண்ணாடி மாட்டறோமல்ல, அதுக்குப் பின்னால ஒரு கதவு வெக்கறேன். பாதில நின்னுபோச்சுன்னா கண்ணாடியத் தள்ளீட்டு ஏணி புடிச்சு எறங்கிக்கலாம். ஆருகிட்டயும் மூச்சு உடாத."

ரிஃபத் தலையைச் சொறிந்தான். "குழிக்குள்ள ஏணிக்கு எடம் ஏதுங்ணா? அதுவுமில்லாம புள்ளத்தாச்சி எப்படீங்ணா ஏணில எறங்குவாங்க?"

"சொன்னதைக் கேட்டுக்க, போதும்."

அன்று மத்தியானம் டாக்டர் போன் செய்தார். பாதியில் நின்றால் என்ன செய்வது என்ற பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார். கிருபாசங்கர் வழக்கம்போல டாக்டருக்குத் திருப்தியாகும்படி பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மனசெல்லாம் வைத்த பொறியின் மேலேயே இருந்தது.

மார்கழி இரண்டாம் வாரம் அமராவதியின் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றது. உள்ளே சிக்கியவர்கள் கண்ணாடியைத் தள்ளினார்கள். பின்னால் ஒரு கதவு இருந்தது. அதற்கு அப்பால் ஓர் ஏணி.

பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ரிஃபத் பேச்சுப் பெட்டிக்குப் புது வார்த்தைகளைப் பழக்குவதற்காக மாதிரி லிஃப்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நொய்யலானுங்களே, கொஞ்சம் எந்திரிங்க," என்றார் கிருபாசங்கர்.

அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக் காட்டியதும் படித்துப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"நானில்லீங்ணா. எனக்குப் படிக்கத்தானுங்க தெரியும், எழுதத் தெரியாது."

"கண்ணாடிக் கதவை உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். அந்த மாதிரிக் கதவே கெடையாது. உன்னையப் பாக்கறதுக்காக வெச்சது."

நானில்லை என்பதை விட, என்னைச் சோதித்தீர்களா என்பதுதான் அவன் முகத்தில் இருந்தது. "ஏழு வருசமா இருக்கறனுங்ணா," என்றான்.

"அதுனாலதான் போலீசுக்குப் போகல. சாவியக் குடு."

முத்தாத்தாள் துடைத்துக்கொண்டிருந்த உருளையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "மொதலாளி, அந்தக் கண்ணு அப்படிச் செய்யாதுங்க," என்றாள். கிருபாசங்கர் அவள் பக்கம் திரும்பவில்லை. ரிஃபத் வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற நேரமாயிற்று. நகம் வழுக்கிக்கொண்டே போனது. கழற்றி மேஜைமேல் வைத்தான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான். எத்தனை ஆத்திரம் இருந்தாலும் வாய் பழகியதைத்தான் சொல்லும்.

"வாரேனுங்ணா."

மாதிரி லிஃப்டின் கதவு அவன் குரலைக் கேட்டுத் திறந்துகொண்டது. அவன் திரும்பி அதைப் பார்த்தான், பிறகு ரோட்டுப் பக்கம் நடந்தான்.

கிருபாசங்கருக்கு அந்த வாரேன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வாரேன் என்றானே, எதற்கு வருவான்? சாவிக்கு நகல் எடுத்து வைத்திருப்பானோ? அந்தப் பெட்டி செய்த அதே தப்பை அவரும் செய்தார். சாயங்காலமே ஆளைக் கூட்டி வந்து பட்டறைக்குப் புதுப் பூட்டு மாட்டினார். அதோடும் நிற்கவில்லை. கோயமுத்தூரில் லிஃப்ட் வேலை செய்கிற எல்லாருக்கும் போன் போட்டு, ரிஃபத் என்று ஒரு பையன் வருவான், டிசைனை வெளியே கொடுத்துவிட்டான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். தொழிலுக்குச் செய்கிற உதவி என்றே நினைத்துச் சொன்னார்.

பேச்சுப் பெட்டியைத் தொட வேறு ஆளுக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சாதாரணப் பட்டன் வைத்த லிஃப்டையே தை மாதம் மாட்டி முடித்தார். டாக்டர் கீதா பார்வையிட வந்தார். உள்ளே ஏறினார், ஐந்தாம் மாடி வரை போனார், இறங்கினார். பிறகு உள்ளே இருந்த கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுக்குப் பின்னால கதவு வெக்கறேன்னீங்களே, எங்கீங்க?"

கிருபாசங்கருக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கதவுங்க?"

"போன்ல சொன்னீங்களே. பாதில நின்னா கண்ணாடியத் தள்ளீட்டு ஏணில எறங்கிக்கலாம்னு. நான் அதை நம்பிக் கதையிலயே எழுதிப்போட்டேனுங்க. இப்ப இல்லைன்னா என்னை வாசகர்கள் சும்மா உடுவாங்களா?"

லிஃப்ட் நின்றுகொண்டுதான் இருந்தது. கிருபாசங்கருக்குக் கயிறு அறுந்த மாதிரி இருந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நொய்யலான் நாந்தானுங்க. வெளிய சொல்லீராதீங்க. பிரசவத்துக்கு வர்றவங்க, டாக்டரம்மா நட்சத்திரத்தை எண்ணீட்டு உக்காந்திருக்கறாங்கன்னு நெனைச்சுக்குவாங்க. எனக்கு லிஃப்ட் பத்தி என்ன தெரியும்? கயிறு பாம்பாட்டம் சுருளும், குழி வழியாக் காத்து போயிரும், எல்லாம் நீங்க சொன்னதுதான். அந்த வாரேன் போறேன் விசயத்தை நீங்க நடிச்சே காமிச்சீங்களே, அந்தம்மா மூக்கைத் தொடைக்கறது வரைக்கும். கதை முடியறப்போ உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லலாம்னு இருக்கறனுங்க."

"வேண்டாமுங்க," என்றார் கிருபாசங்கர். ஊரையே சந்தேகப்பட்டவர் தன் வாயை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருந்தார். பக்கத்துக் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் அவர் லிஃப்ட் சாஸ்திரம் சொல்லாமல் போவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

ரிஃபத்தின் வீடு கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள், மாடியில் இருந்தது. குறுகலான செங்குத்துப் படி. ஏழு வருஷத்தில் கிருபாசங்கர் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. முன்னறையில் ரிஃபத் தரையில் உட்கார்ந்து ஒரு சீலிங் ஃபேன் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னும் ஐந்தாறு மோட்டார்கள் கிடந்தன. அவரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க சார். உக்காருங்க."

சார். ங்ணா எங்கே போயிற்று என்று அவரால் கேட்க முடியுமா? உள்ளேயிருந்து அவன் அம்மா பாத்திமுத்து வந்து, "வாங்க தம்பி, டீ சாப்பிடுங்க," என்று டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த அம்மா அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

கிருபாசங்கர் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர்தான் நொய்யலான் என்று சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ரகசியத்தை இன்னொரு தடவை வெளியே விடுகிறோம் என்ற நினைப்புகூட அவருக்கு வரவில்லை. "தப்புப் பண்ணிப்போட்டேன் ரிஃபத்து. எல்லாருக்கும் போன் பண்ணி, நான் சொன்னது பொய்யின்னு சொல்லிர்றேன்."

"சொல்லுங்க சார். அது பண்ணுனா நெம்ப உபகாரமா இருக்கும்."

"நீ வேலைக்கு வந்துரு. சாவி கொண்டாந்திருக்கறேன்."

நீட்டிய சாவியை ரிஃபத் வாங்காமல் பார்த்தான். பல வருஷம் கையில் வைத்திருந்தவனுக்கு வித்தியாசம் தெரியாதா?

"இது நம்ம சாவி இல்லீங்களே."

"பூட்டை மாத்திப்போட்டேன்."

"எதுக்குங்க?"

கிருபாசங்கர் டீ டம்ளரைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீ வாரேன்னு சொல்லீட்டுப் போனியல்ல, அதுக்கு."

ரிஃபத் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் மறுபடியும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான்.

"வேலை கிடைக்காததுகூடப் பெருசில்லீங்க சார். இந்த மோட்டார்ல பொழப்பு ஓடுது. நீங்க போன் பண்ணுனது எப்படியோ எங்க அம்மா காதுக்கு வந்துருச்சு. அவங்க என்னைப் பாத்து, நெசமாப்பான்னு கேட்டாங்க. ஒரு தரந்தான் கேட்டாங்க, அப்பறம் கேக்கல. ஆனா கேட்டுட்டாங்க."

கம்பி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அந்த அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. "உங்க பையன்மேல ஒரு தப்பும் இல்லீங்கம்மா," என்று கிருபாசங்கர் அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னார். தறிக் குரல் வரவில்லை. கேட்டிருக்குமா என்பதே சந்தேகம். டீயைக் குடித்து முடித்தார். சாவியை மோட்டார்களுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று யோசித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ரிஃபத்தும் மரியாதைக்கு எழுந்து வாசல் வரை வந்தான். படியில் ஒரு காலை வைத்துக் கிருபாசங்கர் திரும்பினார்.

"வாரேன் ரிஃபத்து."

'போய்ட்டு வாங்க' என்பதுதான் இந்த ஊரில் அதற்குப் பதில். எதிரிக்குக்கூட அதைத்தான் சொல்வார்கள். அதற்காக அவர் நின்றார்.

"போங்க சார்," என்றான் ரிஃபத்.

குரலில் கோபம் இல்லை. ங்க இருந்தது, சார் இருந்தது, வாங்க மட்டும் இல்லை. கிருபாசங்கர் இறங்க ஆரம்பித்தார். பாதிப் படிக்கு வந்தபோது மேலே கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.